நம்பியவரை ஐயுறும்போது

வட இந்திய நகரம் ஒன்றின் மாவட்ட நீதிமன்ற வளாகத்தை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். தகரக் கூரையின்கீழ் ஒரு மேசை. அதன்மீது துணியில் முடிந்த கோப்புக் கட்டுகள். ஓரத்தில் வாய்தாத் தேதிகளைக் குறித்துக்கொண்டிருக்கும் முன்ஷி. எதிரிலுள்ள மரப்பலகையில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். தந்தை விட்டுச்சென்ற வீட்டில் தமக்குரிய பங்கைக் கேட்டு அவர் தொடுத்த வழக்கிற்கு ஆறாண்டு வயதாகிவிட்டது. வழக்கறிஞர் கேட்டபோதெல்லாம் பணம் தந்திருக்கிறார், ரசீது கேட்டதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணினார். நீட்டிய தாள்களிலெல்லாம் கையெழுத்திட்டார். சென்ற மாதம் ஒருநாள், தம் வழக்கறிஞரும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து சிரித்துப் பேசியவாறு தேநீர் அருந்துவதை அவர் கண்டார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை.

அந்த ஆசிரியர் ஒருவரல்லர். இந்தியாவின் எந்த நீதிமன்றத் தாழ்வாரத்திலும் அவரைக் காணலாம். ‘என் வழக்கறிஞர் என்னை ஏமாற்றுகிறாரோ?’ என்ற எண்ணம் எழுந்ததும் மனிதர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ஒரு சாரார் அந்த எண்ணத்தை விழுங்கிவிட்டு, இரவில் அதனோடு போராடி, பகலில் புன்னகையுடன் அடுத்த தவணைப் பணத்தைக் கொடுக்கின்றனர். மற்றொரு சாரார் கண்டவரிடமெல்லாம் ‘அவன் விலைபோய்விட்டான்’ என்று தூற்றுகின்றனர். முன்னவர் தமக்கு அநீதி இழைத்துக்கொள்கிறார். பின்னவர் பிறருக்கு அநீதி இழைக்கக்கூடும். திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் இவ்விரு இடர்களையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கிறது. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்பது வள்ளுவர் கருத்து. இதை மேலோட்டமாகப் படிப்பவர்கள் ‘நம்பிய பிறகு கேள்வி கேட்காதே’ என்று பொருள்கொள்வதுண்டு. அவர்கள் முதற்பகுதியை மறந்துவிடுகின்றனர். நம் ஆசிரியர் தம் வழக்கறிஞரை எப்போதாவது ஆராய்ந்து தெளிந்தாரா? இல்லை. உறவினர் ஒருவர் சொன்னார், அவரும் வக்காலத்தில் கையெழுத்திட்டார். அவர் உடைப்பதற்கு ஆராய்ந்து பெற்ற தெளிவு எதுவும் இன்னும் அவரிடம் இல்லை. ஆகவே இப்போது ஆராயத் தொடங்குவது துரோகமாகாது. ஆறாண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய கடமை அது.

எப்படி ஆராய்வது? இந்த இடத்தில் நியாய தரிசனம் துணைக்கு வருகிறது. கௌதமரின் நியாய சூத்திரம் ஆராய்ச்சிக்குரிய பதினாறு பொருள்களை வகுக்கும்போது சம்சயம், அதாவது ஐயம் என்பதற்கும் ஓர் இடம் தருகிறது. பிற்காலத்துப் பக்தி நூல்கள் பலவற்றில் ஐயம் ஒரு நோயாகவே பேசப்படுகிறது. நியாயவாதிகளுக்கோ அது விசாரணையின் வாசற்படி. ஐயமே இல்லாதவனுக்கு ஆராயத் தேவையில்லை. ஐயத்திலேயே தங்கிவிடுபவன் எதையும் அறிவதில்லை. ஐயத்திலிருந்து புறப்பட்டு நிர்ணயத்தைச் சென்றடைய வேண்டும். அந்தி மங்கலில் தொலைவில் நெட்டையாக ஏதோ நிற்கிறது. தூணா, மனிதனா? உயரமும் பருமனும் இரண்டிற்கும் பொது. அப்பொதுத்தன்மை மட்டுமே கண்ணுக்குத் தெரிவதால்தான் ஐயம் எழுகிறது. கைகால்கள் உள்ளனவா, பொந்தும் வளைவும் உள்ளனவா என்ற விசேஷ இலக்கணம் தெரிந்த கணமே ஐயம் அகலுகிறது. நெட்டையாக இருக்கிறதே என்று எத்தனை முறை புலம்பினாலும் அது தூணா மனிதனா என்பது தெரியாது.

தேநீர் அருந்தியது நெட்டையாக நிற்பதைப் போன்றது. எதிரெதிர்த் தரப்பில் வாதிடும் வழக்கறிஞர்கள் ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள். காலையில் கடுமையாக மோதிக்கொண்டு மதியம் ஒன்றாக உண்பது அத்தொழிலின் நாகரிகம். நேர்மையாளரும் அப்படிச் செய்வார், நேர்மையற்றவரும் செய்வார். தொலைபேசியை எடுக்காமை, வாய்தாவின்மேல் வாய்தா, வழக்குத் தோற்பது என்பனவும் அவ்வாறே பொது இலக்கணங்கள்தாம். நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்து கிடக்கும் நாட்டில் தாமதத்தைக் கொண்டு ஒருவரது ஒழுக்கத்தை அளக்க முடியாது. 1963-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கறிஞர் தொடர்பான விவகாரத்தில் இந்த வேறுபாட்டை வகுத்துரைத்தது. வெறும் கவனக்குறைவோ, கருத்துப் பிழையோ தொழில்முறை ஒழுங்கீனம் ஆகாது. அதனுள் நெறிபிறழ்ந்த மனம் இருந்தாக வேண்டும். சோம்பேறியை மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் அவரைத் திருடன் என்று அழைக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

அப்படியானால் விசேஷ இலக்கணங்கள் எவை? தாக்கல் செய்யாத வழக்கைத் தாக்கல் செய்துவிட்டதாகக் கூறி இல்லாத எண்ணைத் தருவது. நீதிமன்றக் கட்டணத்திற்கென்று வாங்கிய பணம் நீதிமன்றத்தைச் சென்றடையாதது. கட்சிக்காரருக்கு வந்த இழப்பீட்டையோ டெபாசிட்டையோ கணக்குக் காட்டாமல் வைத்துக்கொள்வது. நிரப்பாத வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பது. கட்சிக்காரருக்குத் தெரியாமலே சமரச மனு போடுவது. இவற்றை நேர்மையாளர் செய்வதில்லை. இந்திய பார் கவுன்சில் வகுத்துள்ள நடத்தை விதிகளைப் படித்தால் வேறு சிலவும் புலப்படும். வழக்கின் பயனில் பங்கு பேசி வாதிடுவது அங்கு விலக்கப்பட்டிருக்கிறது. கட்சிக்காரரின் பணத்திற்குக் கணக்கு வைப்பது கட்டாயம். எதிர்த்தரப்பாருடன் தமக்குத் தொடர்பு ஏதும் இருந்தால் அதனைக் கட்சிக்காரரிடம் முழுமையாகத் தெரிவிப்பதும் கடமை. ஆகவே தேநீர் பிழையன்று. எதிராளியிடம் தமக்கிருக்கும் தொடர்பை மறைத்திருந்தால் அது பிழை.

இவற்றைக் கண்டறிய இன்று ஒற்றர் தேவையில்லை. 2007-இல் தொடங்கிய மின்-நீதிமன்றத் திட்டத்தின் பயனாக மாவட்ட நீதிமன்ற வழக்குகளுக்குப் பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளம் உண்டு. அதனைக் கொண்டு வழக்கு எந்நிலையில் உள்ளது, அடுத்த தேதி எது என்பதைக் கட்சிக்காரரே பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசி பழக்கமில்லாதவர் நகல் பிரிவில் விண்ணப்பித்து நாட்குறிப்புத் தாளின் சான்றிட்ட நகலைப் பெறலாம். அது அவருடைய வழக்கு. ஆனால் ஆறாண்டு அலைந்தவர்களிலும் இதுவரை தம் வழக்கின் நாட்குறிப்பைக் கண்ணால் கண்டிராதவர்கள் எத்தனையோ பேர். கடவுளைப் பூசாரியின் வழியாக மட்டுமே அறிந்தவனின் நிலை அது.

ஐயம் நேர்மையாளர்மீதும் விழும் என்பதற்குக் காந்தியடிகளின் வாழ்விலேயே சான்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் அவர் வழக்கறிஞராக இருந்தபோது கணக்கு வழக்கு ஒன்று நடுவர்களிடம் சென்றது. தீர்ப்பு அவரது கட்சிக்காரருக்குச் சாதகம். ஆனால் நடுவர்கள் கூட்டலில் ஒரு பிழை செய்துவிட்டனர். பற்றில் சேர வேண்டிய தொகை வரவில் சேர்ந்துவிட்டது. எதிர்த்தரப்பு அதனைக் கவனிக்கவில்லை. நம் கட்சிக்காரருக்குக் கேடானதை நாமே ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்றார் மூத்த வழக்கறிஞர். காந்தியடிகளோ ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். கட்சிக்காரர் இளையவரின் பக்கம் நின்றார். அந்த நிபந்தனையின்பேரில் வாதிட மூத்தவர் மறுத்துவிட்டார். காந்தியடிகள் தாமே எழுந்து பிழையைக் குறிப்பிட்டபோது நீதிபதிகளில் ஒருவருக்கு அதுவே தந்திரமாகப் பட்டது! இது சூழ்ச்சியல்லவா என்ற பொருள்பட அவர் கேட்டார். உள்ளம் கொதித்தபோதிலும் காந்தியடிகள் அமைதியாக விடையளித்தார். விவரம் முழுவதையும் கேட்குமாறு வேண்டினார். கேட்டபின் நீதிபதிகள் தெளிந்தனர். பிழை திருத்தப்பட்டது, தீர்ப்பும் நிலைத்தது.

இந்நிகழ்ச்சியில் பெரும்பாலோர் காந்தியடிகளை மட்டுமே காண்கின்றனர். அந்தக் கட்சிக்காரரையும் காண வேண்டும். பெயர் தெரியாத அந்த மனிதர், முழுத் தீர்ப்பையும் இழக்க நேரிடலாம் என்று அறிந்தே உண்மைக்குச் சம்மதித்தார். நேர்மையான வழக்கறிஞரை விரும்புவோர் எல்லாரும் அவருடைய நேர்மையின் விலையைக் கொடுக்க முன்வருவதில்லை. ‘எதிராளியிடம் தந்திரசாலி, என்னிடம் உத்தமர்’ என்ற வழக்கறிஞரைத் தேடுவோரே மிகுதி. இரண்டும் ஒரே மனத்திலிருந்து வருபவை என்பதை அவர்கள் காலம் கடந்தே உணர்கின்றனர்.

இதன் மிகக் கசப்பான வடிவம் ‘மேலே கொடுக்க வேண்டியிருக்கிறது’ என்ற சொல். நீதிபதியின் பெயரைச் சொல்லியோ அலுவலகத்தின் பெயரைச் சொல்லியோ பணம் கேட்கப்படும்போது, கட்சிக்காரர் தயங்கித் தயங்கிக் கொடுத்துவிடுகிறார். அந்தப் பணம் நீதிபதியை எட்டாமலே போகலாம். அப்படியொன்று கேட்கப்பட்டதே அவருக்குத் தெரியாமலிருக்கலாம். ஆனால் கொடுத்த கணத்தில் கட்சிக்காரரின் வாய் பூட்டப்பட்டுவிடுகிறது. தாம் கறைபட்டவர் என்பதால் அவரால் முறையிட முடிவதில்லை. ஏமாற்றுபவரின் பாதுகாப்பும் அதுவே. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் லஞ்சம் கொடுப்பவரும் நேரடியாகக் குற்றவாளி. வற்புறுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் காவல் துறைக்கோ புலனாய்வு அமைப்பிற்கோ தெரிவித்தால் அவருக்குக் காப்பு உண்டு. அந்த ஏழு நாட்கள் ஒரு சட்ட நுணுக்கம் மட்டுமல்ல. தவறிய மனிதன் திரும்பி வருவதற்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் சிறு கதவு அது.

நம் ஆசிரியர் நாட்குறிப்பின் நகலைப் பெற்றுவிட்டார் என்று கொள்வோம். கடைசி மூன்று வாய்தாக்களிலும் தம் தரப்பே அவகாசம் கேட்டதாக அதில் எழுதியிருக்கிறது. எதிராளிதான் இழுத்தடிக்கிறார் என்று வழக்கறிஞர் சொல்லிவந்தார். இது தேநீரைவிடக் கனமான செய்தி. எனினும் நிர்ணயம் அன்று. இப்போது செய்ய வேண்டியது, பலருக்கும் மிகக் கடினமானது: நேரில் சென்று கேட்பது. குற்றஞ்சாட்டாமல், கெஞ்சாமல், தாளை முன்னால் வைத்து, “வக்கீல் சாஹிப், இந்த மூன்று தேதிகளில் நாமே அவகாசம் கேட்டதாகப் பதிவாகியிருக்கிறது. காரணத்தை அறிந்துகொள்ளலாமா?” என்று கேட்பது. “மாஸ்டர்ஜி, பதிவு அலுவலகத்திலிருந்து பழைய பத்திரத்தின் நகல் வரவில்லை, அது இல்லாமல் சாட்சி விசாரணையைத் தொடங்கினால் நமக்குத்தான் நட்டம். உங்களைக் கலங்கச் செய்ய வேண்டாமென்று சொல்லவில்லை” என்று அவர் நகல் விண்ணப்பத்தை எடுத்துக் காட்டலாம். அப்போது ஆசிரியர் வெட்கப்பட வேண்டியதில்லை; மறைத்ததற்காக வழக்கறிஞர்தான் சற்று வெட்கப்பட வேண்டும். அல்லது, “என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் கோப்பை எடுத்துக்கொண்டு போங்கள்” என்று அவர் சீறலாம். சீற்றமும் ஒரு பொது இலக்கணமே. நேர்மையாளருக்கும் கோபம் வரும். ஆனால் மறுநாள் கோபம் தணிந்த பிறகும் விடை வரவில்லை என்றால், அந்த மௌனம் விசேஷ இலக்கணத்தை நெருங்குகிறது.

விலகுவது என்று முடிவு செய்தாலும் கோபத்தோடு விலகுதல் ஆகாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, நீதிமன்றத்தின் அனுமதியுடன் எழுத்து மூலம் முடிவுக்குக் கொண்டுவரும்வரை பழைய வக்காலத்து தொடரும். மாற்று ஏற்பாடு செய்யாமல் வழக்கறிஞரை நீக்கிவிட்டு அடுத்த தேதியைத் தவறவிட்டவர்கள், ஏமாற்றியவரால் இழந்ததைக் காட்டிலும் மிகுதியாக இழந்ததுண்டு. காலவரையறைச் சட்டமோ எவருடைய மனவேதனைக்காகவும் தானே காத்திருப்பதில்லை: உரிமையியல் தீர்ப்பின்மேல் உயர் நீதிமன்றத்தில் முறையிட 90 நாட்கள், பிற நீதிமன்றங்களில் 30 நாட்கள். கட்டணப் பாக்கிக்காகக் கோப்பைத் தர மறுப்பதும் செல்லாது. கோப்பின்மீது வழக்கறிஞருக்குப் பிடிமான உரிமை கிடையாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணத்தை அவர் வேறு வழியில் கோரலாம். ‘என் இரகசியங்களை வெளியிட்டுவிடுவாரோ’ என்ற அச்சம் பலரைக் கட்டிப்போடுகிறது. கட்சிக்காரர் தொழில்முறையில் கூறியதை அவரது சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்ற கடமை, வக்காலத்து முடிந்த பின்னும் தொடர்கிறது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும், 2024 ஜூலை முதல் அதனிடத்தில் வந்த புதிய சட்டத்திலும் இது உண்டு. புதிய வழக்கறிஞருக்குப் பணமில்லை எனில், 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானத்தைப் பாராமல் அங்கு இலவச உதவி உண்டு.

ஆனால் உண்மையில் ஏமாற்றப்பட்டவர் என்ன செய்வது? ஆன்மிக நாட்டம் உடையவர்களிடம் இக்கேள்வி ஒரு தனிக் குழப்பத்தை உண்டாக்குகிறது. ‘அவர் வினை அவரைச் சுடும், நான் மன்னித்துவிட்டேன்’ என்று சொல்லி அமைவது உயர்ந்ததாகத் தோன்றுகிறது. பல வேளைகளில் அது மன்னிப்பே அன்று. நீதிமன்றப் படியேறக் களைத்துப்போன கால்களின் முடிவு. களைப்பை வைராக்கியம் என்று பெயரிட்டு அழைப்பதில் ஒரு சிறு பொய் இருக்கிறது. தமக்கு நேர்ந்ததை மன்னிக்க ஒருவருக்கு உரிமை உண்டு. நாளை அதே மரப்பலகையில் வந்தமரப்போகும் கைம்பெண்ணுக்கு நேரவிருப்பதை மன்னிக்க அவருக்கு ஏது உரிமை? உள்ளத்தில் பகையின்றி முறையீட்டில் கையெழுத்திட முடியும். நோயாளியை வெறுக்காமல் நோயைத் தெரிவிப்பதைப் போன்றது அது.

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி முறையீட்டை மாநில பார் கவுன்சிலிடம் அளிக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைக் குழு கண்டிக்கலாம், சில காலம் தொழிலிலிருந்து நிறுத்தி வைக்கலாம், பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கலாம். ஓராண்டிற்குள் முடிக்காவிட்டால் விவகாரம் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். அதற்கும் மேல் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. இழந்த பணம் இந்த வழியில் திரும்புவது அரிது; அதற்கு உரிமையியல் வழக்கும், கையாடல் எனில் குற்ற வழக்கும் உண்டு. நுகர்வோர் மன்றக் கதவு 2024 மே மாதத்தில் மூடப்பட்டது. வழக்கறிஞர் தொழில் நுகர்வோர் சட்டத்தின்கீழ் வராது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தொழிலின் மாண்பு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த மாண்பைக் காக்கும் சுமை இனி அத்தொழிலின் சொந்தக் குழுக்களின் தோளில் முன்னிலும் அதிகமாகவே அழுத்தும்.

1978-இல் உச்ச நீதிமன்றத்திற்கு வந்த ஒரு வழக்கை இங்கு நினைவுகூரலாம். சென்னையில் காது கேளாத முதியவர் ஒருவரும் அவரது மனைவியும் இரண்டு பிராமிசரி நோட்டுகளை ஒரு வழக்கறிஞரிடம் நம்பிக் கொடுத்தனர், கட்டணமும் கொடுத்தனர். வழக்குகள் உரியவாறு தொடரப்படவில்லை. தொடரப்பட்டுவிட்டதாகவே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. காலவரையறை கடந்தது. தமிழ்நாடு பார் கவுன்சில் அவரை ஆறாண்டுகள் தொழிலிலிருந்து நிறுத்திவைத்தது. இந்திய பார் கவுன்சில் அதனை ஓராண்டாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண ஐயர் ஒரு புதிய வழியை நாடினார். தண்டிக்கப்பட்டவரை வெறுமனே வீட்டில் உட்கார வைப்பதால் யாருக்கு என்ன பயன்? மீதமிருந்த தண்டனைக் காலத்தைச் சுருக்கி, பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் தருமாறும், ஓராண்டு காலம் தமிழ்நாடு சட்ட உதவி வாரியத்தில் ஏழைகளுக்காக ஊதியமின்றிப் பணிபுரியுமாறும் அவர் நிபந்தனை விதித்தார். அதே அமர்வில் இருந்த மற்றொரு நீதிபதி இதற்கு உடன்படவில்லை. சட்டத்தில் இத்தகைய தண்டனைக்கு இடமில்லை என்பது அவர் நோக்கு.

இருவரில் யார் சரி என்பது எளிதில் தீரும் கேள்வியன்று. தண்டனை திருத்த வேண்டும் என்பதில் ஆழ்ந்த அறம் இருக்கிறது. அதே சமயம், நம்பிக்கையைச் சிதைத்தவரிடம் மேலும் நிர்க்கதியான மனிதர்களை அனுப்புவதா என்று கேட்பவரை இரக்கமற்றவர் என்று தள்ளிவிட முடியாது. இழந்த கடன் அந்த முதிய தம்பதிக்குத் திரும்பவில்லை. ஆனால் அவர்கள் தரப்பில் எழுந்த முறையீடு இல்லாதிருந்தால், கிருஷ்ண ஐயர் அவ்வினாவை எழுப்பியிருக்கவே முடியாது.

இனி மரப்பலகைக்குத் திரும்புவோம். ஆசிரியர் தம் கேள்வியைக் கேட்டுவிட்டார். விடையை அடுத்த திங்களன்று ஆவணங்களுடன் தருவதாக வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். பலகையின் மறுமுனையில், கையில் துணிப்பையுடன் வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி இருக்கிறார். மெல்ல நகர்ந்து வந்து, “பாயி சாஹிப், இந்த வக்கீல் நல்லவர்தானா? வழக்கை இவரிடம் கொடுக்கலாமா?” என்று கேட்கிறார். நல்லவர் என்று சொல்ல ஆசிரியருக்கு இன்னும் தெரியாது. கெட்டவர் என்று சொல்லவும் தெரியாது. “என் வழக்கில் மூன்று முறை நாங்களே அவகாசம் கேட்டிருக்கிறோம். ஏன் என்று கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமை சொல்வார். நீங்கள் பணம் கொடுத்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், பெஹன்ஜி. எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்” என்கிறார்.